பிரைத்வெயிட்டிலிருந்து ஒரு மலை வட்டம்: பாதி வழியில் இறங்கத் தெரிந்திருக்க வேண்டும்

வந்த வழியே திரும்பாமல், ஒரே நாளில் நாலைந்து உச்சிகளைத் தொட்டுவிட்டு, கிளம்பிய கிராமத்துக்கே சாயங்காலம் வந்து சேர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிரைத்வெயிட்தான். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில், கெஸிக் ஊருக்கு மேற்கே நாலு கிலோமீட்டர் போல இருக்கும் சின்னக் கிராமம். அதன் பின்னால் கோல்டேல் என்று ஒரு பள்ளத்தாக்கு மேற்கு நோக்கி நீளமாக உள்ளே போகிறது. இரண்டு பக்கமும் மலை, கோடியிலும் மலை. அந்த மலைகளின் தலைமேலேயே நடந்து பள்ளத்தாக்கை ஒரு சுற்று சுற்றி வருவதுதான் இந்த நடை. கோல்டேல் ஹார்ஸ்ஷூ என்று பெயர். வடக்குப் பக்கத்தில் கிரைஸ்டேல் பைக் (791 மீட்டர்), ஹோப்கில் ஹெட் (770), தெற்குப் பக்கத்தில் கிராக் ஹில் (839), செயில் (773), அப்புறம் அவுட்டர்சைட் (568). ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடும். கயிறு வேண்டாம், பாறை ஏறும் பயிற்சியும் வேண்டாம், ஆனால் முழு நாள் வேலை.

இந்த வட்டத்தை நான் சொல்வதற்குக் காட்சி முதல் காரணம் இல்லை. காட்சிக்கு லேக் டிஸ்ட்ரிக்டில் பஞ்சமே கிடையாது. காரணம், இதன் சரிபாதியில் முகடு 600 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து ஒரு கணவாயாகிறது. கோல்டேல் ஹாஸ். அங்கிருந்து பள்ளத்தாக்கின் நடுவே ஒரு பழைய சுரங்கப் பாதை நேராகப் பிரைத்வெயிட்டுக்கே போகிறது. அதாவது பாதி நடையோடு கௌரவமாக, பத்திரமாக முடித்துக்கொள்ள ஒரு வாசல் இருக்கிறது.

வட்ட நடையில் இது எவ்வளவு முக்கியம் என்பது நேராகப் போய்த் திரும்புகிற நடைகளை மட்டும் செய்தவர்களுக்குச் சட்டென்று புரியாது. ஒரே உச்சிக்குப் போய்த் திரும்பும்போது எந்த இடத்திலும் நின்று ‘போதும்’ என்று சொல்லலாம், திரும்புகிற வழி காலை பார்த்த வழிதான். வட்டத்தில் அப்படி இல்லை, பாதிக்கு வந்துவிட்டால் திரும்பிப் போவதும் முன்னே போவதும் ஒரே தூரம், இரண்டுமே உயரத்தில், இரண்டுமே அதே காற்றில், அதனால் களைத்தவர்கள் பெரும்பாலும் முன்னேயே போகிறார்கள். எனக்குத் தெரிந்து மலையில் சிரமப்பட்டவர்களில் பலர் கால் வலுவில்லாமல் சிரமப்படவில்லை, எங்கே இறங்கலாம் என்று முன்கூட்டியே பார்த்து வைக்காததால்தான் சிரமப்பட்டார்கள். அதனால் முதல் சில வட்டங்களுக்கு நடுவில் இறங்குவழி உள்ள மலைகளாகத் தேர்ந்தெடுங்கள். எந்த நிலைமையில் அந்த வழியில் இறங்குவோம் என்பதை வீட்டிலேயே, முந்தின ராத்திரியே முடிவு பண்ணிவிடுங்கள்.

நானும் அக்கா மகனும் செப்டம்பர் கடைசியில் போனோம். அவன் இங்கே படிக்க வந்திருக்கிறான், தனி உச்சிகள் சில ஏறியிருக்கிறான், ஆனால் முகட்டிலேயே ஒரு நாள் முழுக்க நடந்ததில்லை. முந்தின ராத்திரி மேப்பை விரித்துப் போட்டு ஒரு தாளில் எழுதினோம். மதியம் 1 மணிக்குள் ஹாஸுக்கு வரவில்லை என்றால் இறங்குவது. உச்சியில் நேராக நிற்க முடியாத அளவுக்குக் காற்று என்றால் இறங்குவது. இரண்டு பேரில் யாராவது ஒருவர் முழங்கால் வலி, குளிர், பயம் என்று எதைச் சொன்னாலும், அடுத்தவர் விவாதம் பண்ணாமல் இறங்குவது. மேகம் மூடினால் மட்டும் இறங்க வேண்டியதில்லை, ஆனால் அப்போது இருக்கிற இடத்தை மேப்பில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். எதற்குத் தாளில் எழுத வேண்டும் என்று அவன் கேட்டான். பாதி நடை முடிந்து, நாலு மணி நேர உழைப்பு கையில் இருக்கும்போது மனசு பேரம் பேச ஆரம்பித்துவிடும், தாள் பேரம் பேசாது என்றேன்.

நேரக் கணக்குக்கு நான் பயன்படுத்துவது நெய்ஸ்மித் விதி. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்னது, இன்றைக்கும் பிரிட்டனில் எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்கள். மெட்ரிக்கில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம். 15 கிலோமீட்டருக்கு மூன்று மணி, 1,100 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம், ஆக ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது நிற்காமல் நடக்கிற, பழகிய ஆளுக்கான கணக்கு. சாப்பாடு, போட்டோ, ஷூ லேஸ், மழை வந்தால் ஜாக்கெட் மாட்டுவது, செங்குத்தான இறக்கத்தில் மெதுவாகப் போவது எதுவும் அதில் கிடையாது. நான் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்வேன், ஏறக்குறைய ஏழரை மணி நேரம். காலை 8.30-க்குக் கிளம்பினால் 4 மணி. செப்டம்பர் கடைசியில் அங்கே சூரியன் 7 மணி வாக்கில் மறைகிறது, எனவே மூன்று மணி நேரம் கையிருப்பு. இதே நடையை டிசம்பரில் போட்டால் பகல் வெளிச்சமே ஏழரை மணி நேரத்தை ஒட்டித்தான், கையிருப்பு ஒன்றுமே இல்லை. ஜூனில் போனால் பதினேழு மணி நேரம் போல வெளிச்சம். எந்த மாதம் என்பதை முதலில் முடிவு பண்ணிவிட்டு அப்புறம் எந்த மலை என்று பாருங்கள்.

வானிலை விஷயத்தில், போனில் வருகிற ஊர் வானிலையைப் பார்த்து மலை ஏறாதீர்கள். பிரிட்டன் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் மலைப் பகுதி அறிக்கையோ, எம்டபிள்யூஐஎஸ் என்கிற மலை வானிலைச் சேவையோ பாருங்கள். அவற்றில் உச்சியில் காற்று எவ்வளவு, மேகத்தின் அடிப்பகுதி எந்த உயரத்தில், அங்கே வெப்பம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். கிராமத்திலிருந்து கிராக் ஹில் உச்சிக்கு 700 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம், அதற்கே சராசரியாக 5 டிகிரி குறையும், காற்று சேர்ந்தால் உடம்புக்கு இன்னும் குறைவாகத் தெரியும். மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. இதே வட்டாரத்தில் தெற்கே இருக்கிற ஹானிஸ்டர் கணவாயில்தான் 2015 டிசம்பரில் 24 மணி நேரத்தில் 341 மில்லிமீட்டர் கொட்டியது, பிரிட்டனில் அதுதான் சாதனை. எங்களுக்குக் கிடைத்த அறிக்கை: காற்று 40 கிலோமீட்டர் வேகம் வரை, 11 மணி வாக்கில் மேகம் 650 மீட்டருக்கு இறங்கும், மதியத்துக்கு மேல் விலகலாம். போகலாம் என்று முடிவு பண்ணினோம். 70 கிலோமீட்டரைத் தொடுகிற காற்று என்று போட்டிருந்தால் தள்ளிப் போட்டிருப்போம், ஏனென்றால் அந்த வேகத்தில் முகட்டில் கால் வைக்கிற இடத்தை நாம் தீர்மானிக்க முடியாது.

பையில் என்ன என்பதை நீட்டவில்லை. மழைக்கு மேலும் கீழும் போடுகிற உடை, ஒரு காய்ந்த கம்பளிச் சட்டை, கையுறை, ஹெட்லேம்ப், விசில், மேப், காம்பஸ், பவர் பேங்க், தேவைக்கு மேலே ஒரு வேளைச் சாப்பாடு. மேப் என்பது ஓஎஸ் (ஆர்ட்னன்ஸ் சர்வே, பிரிட்டனின் வரைபட நிறுவனம்) எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல்4 தாள், 1:25,000 அளவு, அதாவது தாளில் 4 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். போன் ஆப் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஈரக்கையால் தொடுதிரை வேலை செய்யாது, குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். இரண்டும் இருக்கட்டும்.

பிரைத்வெயிட்டில் வின்லாட்டர் சாலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன கார் நிறுத்தம் இருக்கிறது. நல்ல வானிலை உள்ள சனி ஞாயிறுகளில் சீக்கிரமே நிறைந்துவிடும், கெஸிக்கிலிருந்து பேருந்தில் வருவது நிம்மதி. அந்த நிறுத்தத்திலிருந்தே இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று சமதளமாகப் பள்ளத்தாக்குக்குள் போகிற சுரங்கப் பாதை, அவசரத்துக்கு நாம் இறங்கி வரப்போவது அதில்தான், அதன் முகத்தைக் காலையிலேயே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று படிகளோடு நேராக மேலே ஏறுகிறது. நமக்கு அதுதான்.

முதல் அரை மணி நேரத்தில்தான் பலர் தங்கள் நாளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். உற்சாகத்தில் வேகமாக ஏறி, வேர்த்துக் கொட்டி, மேலே காற்றில் அந்த ஈரச் சட்டையோடு நடுங்குவது. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், பேசிக்கொண்டே ஏற முடிய வேண்டும், அதுதான் சரியான வேகம். படிகள் முடிந்து கின் என்கிற புல் மேடு வந்ததும் ஏற்றம் கொஞ்ச தூரத்துக்குத் தணிகிறது. வலது பின்புறம் பாஸன்த்வெயிட் ஏரி, அதற்கு மேலே 931 மீட்டரில் ஸ்கிடா மலை, முன்னால் கூம்பாக கிரைஸ்டேல் பைக். பார்க்க ரொம்பச் செங்குத்தாகத் தெரியும், பயப்பட வேண்டாம், கிட்டே போகப் போகப் பாதை தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசி ஏற்றத்தில் காலடியில் மண் போய்க் கல் வருகிறது. இந்தப் பக்கத்து மலைகள் எல்லாம் ஸ்கிடா ஸ்லேட் வகைப் பாறை, லேக் டிஸ்ட்ரிக்டிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று, 40 கோடி வருடங்களுக்கும் மேலே. ஏடு ஏடாகப் பிளக்கும். அதனால் கையில் பிடிக்கிற கல் அப்படியே பெயர்ந்து வரலாம், காலடியில் இருக்கிற தட்டைக் கல் வழுக்கி ஓடலாம். பிடிப்பதற்கு முன்னால் ஒருமுறை தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் அந்தக் கல் வேண்டாம். உச்சிக்கு 10.30 போல வந்து சேர்ந்தோம். மேலே இடம் கொஞ்சம்தான், காற்று நிறைய. இரண்டு நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்தோம். உச்சியில் உட்கார்ந்து சாப்பிடுவதை நான் ஆதரிக்கவே மாட்டேன், ஐம்பது மீட்டர் கீழே காற்று மறைவில் சாப்பிடுங்கள், உடம்புச் சூடு அப்படியே இருக்கும்.

அங்கிருந்து மேற்கே, இடிந்து கிடக்கும் பழைய கல் சுவரின் ஓரமாகப் பாதை இறங்கி மறுபடி ஏறுகிறது. இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வலது பக்கம் ஹாப்கார்டன் கிராக் என்ற செங்குத்துப் பாறை அப்படியே வடக்கே சரிந்து, அடியில் கறுத்த ஊசியிலைக் காடு. இடது பக்கம் கோல்டேல். நடுவில் நாம். ஆனால் அறிக்கையில் சொன்ன மேகம் சொன்ன நேரத்துக்கே வந்தது. முதலில் காடு மறைந்தது, அப்புறம் முன்னால் இருந்த ஹோப்கில் ஹெட் மறைந்தது, பத்து நிமிடத்தில் இருபது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் இல்லை. இந்த மாதிரி விளிம்பில் மேகத்துக்குள் நடக்கும்போது பாதை இரண்டாகப் பிரிந்தால் விளிம்பை விட்டு விலகிய பாதையில் போங்கள். ஓரப் பாதை போட்டோ எடுக்கப் போனவர்கள் போட்டது.

ஹோப்கில் ஹெட் சின்னப் பாறை உச்சி, ஆனால் இந்த வட்டத்தில் வழி தவறுவதற்கு மிகச் சுலபமான இடம். அதிலிருந்து முகடுகள் நாலாப் பக்கமும் கிளம்புகின்றன. நாம் வந்தது கிழக்கு, வடக்கே லேடிசைட் பைக், மேற்கே வைட்சைட், தெற்கே சாண்ட் ஹில். நமக்கு வேண்டியது தெற்கு. மேகத்தில் நாலும் ஒரே மாதிரி சரிவுதான், அதிலும் மேற்கே போகிற பாதை நன்றாக மிதிபட்டு ‘என் பின்னால் வா’ என்று கூப்பிடும். தெளிவான பாதை என்பதற்காக அது நம் பாதை ஆகிவிடாது.

அங்கே நான் ஒன்றும் செய்யவில்லை, மேப்பை மருமகன் கையில் கொடுத்துவிட்டேன். காம்பஸின் நீண்ட ஓரத்தை ஹோப்கில் ஹெட்டிலிருந்து சாண்ட் ஹில்லுக்கு வைத்தான். காம்பஸில் சுழலும் வளையத்தைத் திருப்பி அதன் கோடுகளை மேப்பின் கட்டக் கோடுகளோடு சேர்த்தான். அப்புறம் காம்பஸை நெஞ்சுக்கு நேரே பிடித்து, சிவப்பு முள் அதன் கூட்டுக்குள் வந்து உட்காரும்வரை தன் உடம்பையே மெதுவாகத் திருப்பினான். இங்கிலாந்தில் இப்போது காந்த வடக்குக்கும் மேப் வடக்குக்கும் வித்தியாசம் மிகக் குறைவு, இந்த மாதிரி நடைக்குக் கூட்டிக் கழிக்கத் தேவையில்லை. முள் உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்த்தவன், “மாமா, நான் இந்தப் பக்கம்னு நினைக்கவே இல்லை” என்றான். அவன் நினைத்த பக்கம் வைட்சைட். முள் காட்டிய திசையில் பதினைந்து மீட்டரில் தெரிந்த ஒரு வெள்ளைக் கல்லைக் குறி வைத்து அதுவரை போனோம், அங்கிருந்து அடுத்த கல். சாண்ட் ஹில் 400 மீட்டர்தான், எத்தனை அடி வைத்தோம் என்று எண்ணிக்கொண்டே போனோம். தரை மறுபடி உயர்ந்து தட்டையானபோது சரியான இடத்தில் இருக்கிறோம் என்பது தெரிந்தது. காம்பஸ் பழகுவதற்கு மேகம் மூடுகிற நாள் வரை காத்திருக்காதீர்கள். வெயில் நாளில், பாதை கண்ணுக்குத் தெரியும்போதே ஒவ்வொரு உச்சியிலும் ஒருமுறை செய்து பாருங்கள், கைக்குப் பழகிவிடும்.

சாண்ட் ஹில்லிலிருந்து ஹாஸுக்கு இறக்கம் பூராவும் உதிரிச் சரளை. குதிகாலை ஊன்றி, குட்டை அடியாக, முன்னால் போகிறவருக்கு நேர் மேலே நிற்காமல் இறங்குங்கள். பாதிக் கீழே வந்ததும் மேகத்துக்கு அடியில் வந்துவிட்டோம்.

ஹாஸுக்கு வந்தபோது மணி 12.40. தாளில் எழுதிய 1 மணிக்கு இருபது நிமிடம் முன்னால். ஒரு பாறையின் மறைவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஹெர்ட்விக் ஆடு ஒன்று கிட்டே வந்து பார்த்துக்கொண்டு நின்றது, வெள்ளை முகம், கம்பி கம்பியாகச் சாம்பல் ரோமம், மேலே மழைத்துளி அப்படியே முத்து முத்தாக நின்றது, உள்ளே இறங்கவே இல்லை. அங்கே ஒரு அப்பாவும் பத்து வயது போல ஒரு மகளும் இருந்தார்கள். அந்தப் பெண்ணின் ஷூ நனைந்து சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தாள். காய்ந்த சாக்ஸ் மாட்டிவிட்டு, மகளிடம் ஒரு வார்த்தை கேட்டு, சுரங்கப் பாதையில் இறங்கிப் போனார்கள். முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. எனக்கு அவர்களைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இரண்டு உச்சி முடித்து நல்ல மனநிலையோடு வீட்டுக்குப் போகிற குழந்தை அடுத்த முறையும் மலைக்கு வருவாள்.

அந்த இறங்குவழியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துப் போகிறவர்களில் யாராவது ஒருவர் அதில்தான் இறங்கப் போகிறீர்கள். ஹாஸிலிருந்து கிழக்கே பாதை தெளிவாக இறங்குகிறது. இடது பக்கம் ஃபோர்ஸ் கிராக் பாறையும் அருவியும். அடியில் ஓடையைத் தாண்ட வேண்டும், பெருமழைக்குப் பிறகு அங்கே கவனம். தாண்டினால் ஃபோர்ஸ் கிராக் சுரங்கத்தின் பழைய கட்டிடம். ஈயம், துத்தநாகம், பாரைட்டுத் தாது எடுத்த இடம். லேக் டிஸ்ட்ரிக்டில் கடைசியாக வேலை நடந்த உலோகச் சுரங்கம் இதுதான், 1991-ல் மூடினார்கள். சுரங்கத்திலிருந்து வெளியே வருகிற தண்ணீரில் துத்தநாகம் போன்ற உலோகங்கள் கலந்து ஏரி வரை போய்க்கொண்டிருந்ததால், 2014-லிருந்து அங்கேயே குளங்கள் கட்டி வடிகட்டுகிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். அதற்கு அப்புறம் வண்டி போகிற அகலத்தில் பாதை, லேசான இறக்கம், கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்கிற அளவுக்குச் சுலபம். ஹாஸிலிருந்து கிராமத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

எங்கள் விவாதம் வேறு விஷயத்தில் வந்தது. மருமகன் மேப்பைப் பார்த்துவிட்டு, “மாமா, மேலே போனால் கிராஸ்மூர் பக்கத்துலதானே இருக்கு? 852 மீட்டர், இந்தக் கூட்டத்துலயே பெரிசு. தொட்டுட்டு வந்துடலாமே” என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. அடுத்த ஏற்றத்தின் தலையில் வலது பக்கம் திரும்பினால் கிராஸ்மூர், இடது பக்கம் திரும்பினால் கிராக் ஹில். ஆனால் கிராஸ்மூர் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது, போன வழியே திரும்ப வேண்டும், இரண்டரை கிலோமீட்டரும் ஒரு மணி நேரமும் கூடும். மேலே மேகத்துக்குள் ஒன்றும் தெரியப் போவதில்லை. “இன்னைக்கு நம்மகிட்ட இருக்கிற கையிருப்பு நேரம் மழைக்கும் முழங்காலுக்கும்டா. அதை ஒரு நம்பருக்காகச் செலவு பண்ண வேண்டாம்” என்றேன். கொஞ்ச நேரம் முகம் தூக்கி வைத்திருந்தான், அப்புறம் சரி என்றான். முழு நாளும் கையில் இருக்கிற தெளிவான கோடை நாளில் கிராஸ்மூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், க்ரமக் வாட்டர் ஏரி காலடியில் தெரியும், நிச்சயம் போக வேண்டிய இடம்.

ஹாஸிலிருந்து நேர் தெற்கே தெரிகிற பாறை மூக்கில் சிலர் ஏறுவார்கள். ஈர நாளில் வேண்டாம், எல்லாம் உதிரிக் கல். ஓடையை ஒட்டிப் போகிற பெரிய பாதையில் போய், தலையில் இடது திரும்புங்கள். கிராக் ஹில் உச்சி ஒரு தட்டை மேடு, நடுவில் ஓஎஸ் அளவைத் தூண். தட்டையாக இருப்பதால் மேகத்தில் இதுவும் ஏமாற்றும், ஏனென்றால் வடக்கு ஓரமும் கிழக்கு ஓரமும் பாறையாக அறுத்து விழுகின்றன. தூணைத் தொட்டுக்கொண்டே மறுபடி காம்பஸ் வைத்தோம். கிழக்குக்குச் சற்றுத் தெற்கே.

அந்தத் திசையில் இறங்குகிற பகுதிக்கு ஸ்கார் என்று பெயர். முழு நடையிலும் கை பயன்படுகிற இடம் இதுதான், கொஞ்ச தூரம்தான், ஆனால் ஈரத்தில் மரியாதை கொடுக்க வேண்டும். நடைக் கம்புகளை மடக்கிப் பையில் கட்டிவிட்டோம், கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும். பல வருடங்களாகப் பூட்ஸ் தேய்த்துப் பளபளத்துப் போன கல் மழையில் சோப்புப் போட்ட மாதிரி இருக்கும். அதை விட்டுவிட்டு, பக்கத்தில் சொரசொரப்பாக, பாசி இல்லாமல் இருக்கிற விளிம்பைத் தேடிக் கால் வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு உறுப்பை மட்டும் நகர்த்துவது, மற்ற மூன்றும் ஊன்றியிருக்கட்டும். செங்குத்தான இரண்டு மூன்று படிகளில் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இறங்கினோம். உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு வருவது பாதுகாப்பு மாதிரி தெரியும், ஆனால் அப்போது காலுக்கு மேலே இருக்கிற பாரம் கட்டுப்பாட்டில் இருக்காது, பையும் பின்னால் கல்லில் மாட்டி முன்னே தள்ளும். மருமகனுக்கு ஒரு இடத்தில் கால் எட்டவில்லை, நான் கீழே நின்று அவன் பூட்ஸைப் பிடித்துக் கல்லில் வைத்தேன். அவசரமே படவில்லை, இருபது நிமிடம் ஆனது.

செயில் உச்சியில் மேகம் கிழிய ஆரம்பித்தது. முதலில் கீழே டெர்வென்ட்வாட்டர் ஏரியின் ஒரு துண்டு வெள்ளி மாதிரி தெரிந்தது, அப்புறம் கெஸிக். அங்கிருந்து கீழே வளைந்து வளைந்து ஒரு அகலப் பாதை, அரிப்பைத் தடுக்கப் போட்டது. மலையின் அழகைக் கெடுக்கிறது என்று பலருக்குக் கோபம். நான் அந்தப் பாதையின் பக்கம். பழைய நேர் பாதையில் ஒவ்வொரு மழைக்கும் மலையின் தோல் உரிந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. வளைவுகளைக் குறுக்கே வெட்டி இறங்காதீர்கள், புல் ஒருமுறை பெயர்ந்தால் அந்த உயரத்தில் திரும்ப முளைக்க வருடங்கள் ஆகும்.

அந்தப் பாதையின் அடியில் ஒரு தேர்வு. நேரே போனால் ஸ்கார் கிராக்ஸ், காஸி பைக் (637) என்று முகடு தொடர்கிறது. அழகான முகடு, காஸி பைக்கின் குமிழ் கெஸிக்கிலிருந்தே தெரியும். ஆனால் அதன் முனையில் கை வைத்து இறங்கும் பாறை இன்னொன்று இருக்கிறது, இறங்கினால் நியூலேண்ட்ஸ் என்கிற அடுத்த பள்ளத்தாக்குப் பக்கம் போய் நிற்போம், கிராமத்துக்குச் சாலையில் நடக்க வேண்டும். களைத்த காலோடு அது வேண்டாம் என்று இடது பக்கம் இறங்கினோம். ஹை மாஸ் என்கிற சதுப்பில் பத்து நிமிடம் ஈரத்தில் பொதபொதவென்று நடை, அப்புறம் ஹீதர் புதருக்கு நடுவே அவுட்டர்சைட்டுக்குக் குட்டி ஏற்றம். அது 568 மீட்டர்தான், பலரும் பக்கவாட்டுப் பாதையில் தாண்டிப் போய்விடுவார்கள். ஏறுங்கள். மேலே நின்றால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், காலையில் மேகத்துக்குள் நடந்த முகடு முழுக்க எதிரே நிற்கும், கிரைஸ்டேல் பைக்கிலிருந்து ஹாஸ் வரை ஒரே கோடு. மருமகன் மேப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக விரலால் தொட்டு, எங்கே காம்பஸ் வைத்தோம், எங்கே அந்த ஆடு நின்றது என்று சரிபார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பத்து நிமிடத்தில் மேப் அவனுக்குப் படிந்துவிட்டது.

கடைசி இறக்கம் பாரோ டோர் என்ற இடைவெளி வழியாக. பேர் அழகு, முழங்காலுக்கு அவ்வளவு அழகில்லை. விழுவதில் பெரும்பங்கு கடைசி ஒரு மணி நேரத்தில்தான் என்பது என் அனுபவம், கடினமான இடம் முடிந்துவிட்டது என்று கவனம் தளர்ந்திருக்கும். அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எதையாவது சாப்பிட்டு, லேஸை இறுக்கிக் கட்டி, கம்புகளைக் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அப்புறம் அவசர உதவி. 999 கூப்பிட்டு முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும். பேசச் சிக்னல் இல்லாத இடத்திலும் சில சமயம் எஸ்எம்எஸ் போகும், ஆனால் 999-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப முன்கூட்டியே பதிய வேண்டும், ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கில வார்த்தையை 999-க்கு அனுப்பினால் வழி சொல்லும். வீட்டிலேயே செய்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை. விசில் என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் மூன்று முறை வரும், வந்தாலும் நிறுத்தாமல் ஊதுங்கள், அவர்கள் சத்தத்தை வைத்துத்தான் வந்து சேர வேண்டும். இந்தப் பக்கத்தைப் பார்ப்பது கெஸிக் மவுண்டன் ரெஸ்க்யூ குழு, 1947-லிருந்து இருக்கிறது, எல்லாரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். யாரோ ஒருவர் சாப்பாட்டை விட்டு எழுந்து வருவார்.

அதனால்தான் கிளம்பும் முன் வழியையும், எத்தனை மணி வரை எங்களிடமிருந்து தகவல் வரவில்லை என்றால் 999-ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் அக்காவுக்கு அனுப்பியிருந்தோம். 4.20-க்குப் பிரைத்வெயிட் வீடுகளுக்கு நடுவே வந்ததும் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் மருமகன் செய்தது அதுதான், “அம்மா, இறங்கிட்டோம்” என்று ஒரு மெசேஜ். இதை மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனவர்களைத் தேடி ராத்திரியில் ஆட்கள் மலை ஏறியது உண்டு.